கோயில் முகமூடி

சுகெர்த்தியின் வாய்க்குப் பூட்டு கிடையாது. பாலித் தீவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றி, கோயிலும் கூத்தும் காட்டி விளக்கம் சொல்வதுதான் அவள் பிழைப்பு. வாய் உள்ள பிள்ளைதானே பிழைக்கும். தினம் காலையில் பயணிகளுக்கென்றே கட்டிய அரங்கில் ராங்டா ஆட்டம் நடக்கும். கோரைப்பல்லும் தொங்கும் நாக்குமாக அரக்கி வருவாள், வெறிகொண்ட ஆட்கள் அவளை வாளால் குத்துவார்கள், வாள் இறங்காது. "இது நிஜமா?" என்று தவறாமல் ஒருவர் கேட்பார்.

"உள்ளே இருக்கிறது என் புருஷன். நிஜமா இருந்தா நான் எப்பவோ விதவையாகியிருப்பேன்" என்பாள். கூட்டமே சிரிக்கும்.

அவள் சொன்னது உண்மைதான். அந்த அரக்கி அவள் கணவன் சுவெச்சா. அரங்கத்து வாளெல்லாம் மொண்ணை, மார்புக்குத் தோல் கவசமும் உண்டு. ஆடி முடித்து வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தின்றுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி குறட்டை விடுவான்.

கோயிலில் இருக்கும் ராங்டா முகமூடி அப்படியல்ல. வெள்ளைத் துணி சுற்றி, கூடைக்குள், சன்னிதியிலேயே இருப்பது. ஊரில் யாரும் அதைப் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. தாயார் என்றுதான் சொல்வார்கள். அதை அணிந்து ஆடியவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். போன பூசையில் சாமி வந்து ஆடிய பெண் கூட்டத்துக்குள் புகுந்து சுவெச்சாவின் கையைப் பிடித்துவிட்டாள். இனி அதை அணிந்து ஆட வேண்டியவன் அவன்தான் என்று அதற்கு அர்த்தம். கோயிலில் வாள்களுக்குச் சாணை பிடித்திருப்பார்கள். கவசம் கிடையாது. பக்கத்து ஊரில் முகமூடி ஏற்றுக்கொள்ளாத ஒருவனின் மார்பில் வாள் இறங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை.

திருவிழாவன்று காலையில் சுவெச்சா இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு விழவேயில்லை.

"பிளி, உடம்பு சரியில்லேன்னு சொல்லிடேன்" என்றாள் சுகெர்த்தி. புருஷனை அங்கே பிளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாருகிட்ட சொல்றது? கூப்பிட்டது மனுஷனா?"

"குத்துறது மனுஷன்தானே!"

"தினம் ஆடுறதுதானேடி" என்றான். அவளே முடிச்சைப் போட்டுவிட்டாள். ஒரு கேலியாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

அதே திருவிழாவைப் பார்க்க அன்று வெளிநாட்டுக்காரர் கூட்டம் ஒன்று வந்திருந்தது. தனக்குப் பதில் விளக்கம் சொல்ல வேறு ஆளை அனுப்பச் சொன்னாள், கிடைக்கவில்லை. வண்டி ஓட்டியவன் சுவெச்சாவின் தம்பி லந்த்ரா. கோழிக் கழுத்தைத் திருகச் சொன்னால்கூடக் கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறவன். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன்.

"அண்ணி, ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? பட்டினி கிடந்து, புகையில உட்கார்ந்து, அந்த மேளத்தையும் கேட்டா எனக்கும்தான் தலை சுத்தும். சாமியாவது வர்றதாவது!"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. உன் தத்துவத்தை அப்புறம் கேட்கிறேன்."

வெயில் சாயும் நேரத்துக்குக் கோயில் முற்றம் நிரம்பிவிட்டது. விருந்தாளிகளைச் சுவரோரம் உட்காரவைத்து, பூசாரி தலைக்கு மேல் உயரமாக யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, லந்த்ராவின் பக்கத்தில் வந்து நின்றாள். கமெலான் மேளம் தொடங்கியது. ஹன்னா என்ற ஜெர்மன்காரி அவள் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"இது நிஜமா?"

சுகெர்த்தி வாயைத் திறந்தாள். தினம் சொல்கிற வேடிக்கைதான், விதவை என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது.

"தெரியலம்மா" என்றாள். அந்தக் கேள்விக்கு அவள் இப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

கோயில் வாசல் திறந்தது. வெள்ளைக் குடையின் கீழ் அது வந்தது. சுவெச்சாவின் நடை அவளுக்கு அத்துப்படி. இடது காலைக் கொஞ்சம் இழுப்பான். இது இழுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் தானாகப் பின்வாங்கியது. மேளம் வேகம் பிடிக்க, வாள்காரர்கள் அலறிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தார்கள். பக்கத்திலும் ஓர் அலறல் கேட்டது. திரும்பினால் லந்த்ரா! கண் மேலே செருகியிருந்தது. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. யார் கையிலிருந்தோ ஒரு வாளைப் பிடுங்கிக்கொண்டு போய், தன் கூடப்பிறந்தவன் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினான்.

சுகெர்த்தி கத்தினாள். மேளச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

வாள் வளைந்தது. அவள் கண்ணால் பார்த்தாள், நெஞ்சில் பட்ட இடத்திலேயே வளைந்தது. லந்த்ரா திரும்பத் திரும்பக் குத்தினான். மற்றவர்களும் குத்தினார்கள். அது அசையாமல் நின்றது. பிறகு கையிலிருந்த வெள்ளைத் துணியை ஒரு வீசு வீசியதும் அத்தனை பேரும் வாளைத் தங்கள் மார்புக்கே திருப்பிக்கொண்டார்கள். யார் மேலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

முகமூடி அவள் பக்கம் திரும்பியது. அவளைப் பார்த்தது. வெறும் மரக் கண்கள்தான். ஆனாலும் தன்னைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஒன்று பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. பயம்தான், ஆனால் பயத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று நெஞ்சை அடைத்தது. கட்டினவனை ஒருநாளும் கும்பிட்டவள் இல்லை சுகெர்த்தி. அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் ஹன்னாவும் கை குவித்திருந்தாள்.

தீர்த்தம் தெளித்து எல்லோரையும் மலையேற்றினார்கள். லந்த்ரா சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். தாயாரை மறுபடி வெள்ளைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்தார்கள். சுகெர்த்தி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். சுவெச்சா பாயில் உட்கார்ந்திருந்தான். சட்டை நெஞ்சில் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. அவள் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"சுகெர்த்தி, நீ வந்தது நல்லதாப் போச்சு" என்றான் தாழ்ந்த குரலில். "ரொம்பப் பயமா இருக்குடி. முகமூடியை எப்பக் கொண்டு வருவாங்க?"