மருந்துக்குப் பெண் கேட்டுப் போனோம்

என் அக்கா வஸ்ஃபியாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இது ஸல்த் நகரம் முழுக்கத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவளிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தோம். மருந்து ஏற்றி முடி கொட்டியபோது, குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றார் மச்சான் தியாப். சொன்னதோடு விட்டாரா, அவளை நம்பவைக்கத் தானும் மொட்டை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் அவருடைய நான்கு தம்பிகள். எங்களைப் பார்த்துப் பயந்து தெருவில் பாதிப் பேர் குழாய்த் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மருந்தும் கேட்கவில்லை. டாக்டர் லமீஸ் ஒரு வழி சொன்னார். புது மருந்து ஒன்றை நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள், அக்காவின் நோய் அதற்குப் பொருந்துகிறது, சேரலாம். ஆனால் அவளிடம் எல்லா விவரமும் சொல்லி, அவளே சம்மதிக்க வேண்டும். அவளுக்காக வேறு யாரும் சரியென்று சொல்ல முடியாது.

"சொன்னா அவ தாங்க மாட்டா," என்றார் மச்சான். "ஜாஹா கூட்டிட்டுப் போய் டாக்டரம்மாகிட்டயே கேப்போம்."

ஜாஹா என்றால் சாதாரணமில்லை. பெண் கேட்கவும் கொலைப் பகையைத் தீர்க்கவும் ஆண்கள் கூட்டமாகப் போவது. மதிப்புள்ள ஒருவர் முன்னால் நடப்பார். கேட்டது கிடைக்கும்வரை, தனக்கு வைத்த காபியை அவர் தொடமாட்டார். காபி ஆறிப்போனால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு. மருந்து கேட்டு ஜாஹா போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை என்றேன். அந்த வீட்டில் என் பேச்சு எப்போது எடுபட்டது.

தெருப் பெரியவர் அபூ நாயிஃபின் பின்னால் ஆறு மொட்டைகள் டாக்டர் வீட்டில் போய் இறங்கினோம். டாக்டருக்கு நாற்பது வயது, கல்யாணமாகவில்லை. அவருடைய அப்பா எங்களை வாசலில் பார்த்ததும் உள்ளே ஓடி கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். அபூ நாயிஃப் இறைவனைப் புகழ்ந்து, அந்தக் குடும்பத்தைப் புகழ்ந்து, காபியைக் கீழே வைத்து, "உங்க வீட்ல ஒண்ணு கேட்டு வந்திருக்கோம்," என்று ஆரம்பித்தார்.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு. காபியைக் குடிங்க," என்றார் கிழவர். எங்கள் மண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை இல்லீங்க, மருந்து," என்றேன்.

அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

லமீஸ் உள்ளேயிருந்து வந்தார். "யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான மருந்துன்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். எனக்கே தெரியாது. அதுக்கும் முன்னாடி அவங்க சம்மதிக்கணும். நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. கேக்க வேண்டிய பொண்ணு உங்க வீட்ல இருக்கு."

அபூ நாயிஃபுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்தவர் ஜாஹாவை நேரே எங்கள் வீட்டுக்கே திருப்பினார். யாரும் அக்காவை வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்ள லமீஸும் வந்தார். போட்ட கோட்டு வீணாகக் கூடாதென்று அவர் அப்பாவும் வந்தார்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அபூ நாயிஃப் அதைத் தொடாமல் செருமினார். "தங்கச்சி, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"கேன்சர்தானே," என்றாள் அக்கா. "தண்ணியில எனக்குப் புருவமும் போயிடுச்சு. இவங்க ஆறு பேருக்கும் மட்டும் எப்படி நிக்குது?"

நான் என் புருவத்தைத் தடவிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

லமீஸ் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "புது மருந்து உங்களுக்கு விழும்னு உறுதி இல்லம்மா. விழுந்தாலும் கேக்கும்னு சொல்ல முடியாது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் சோதனை. வாந்தி, அசதி கூடலாம்."

"பிடிக்கலைன்னா?"

"எந்த நாளும் விலகிக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். வழக்கமான வைத்தியம் நிக்காது."

"காரணம்கூட வேண்டாமா?" அக்கா மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைக் கேட்டு வந்த ஜாஹாவுல இதையெல்லாம் யாரும் சொல்லலையே. அப்பா சரின்னார். நான் அடுப்படியில ஏலக்காய் தட்டிட்டிருந்தேன்."

யோசிக்க வேண்டும் என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் எழுந்தார்.

"வற்புறுத்தக் கூடாது," என்றார் லமீஸ்.

மச்சான் இருமினார்.

"இருமவும் கூடாது."

அவள் வேண்டாம் என்றால் எங்களிடம் வேறு வழி இல்லை. ஏழு ஆண்கள், ஒரு கோட்டு, ஒரு டாக்டர் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. அக்கா ஆறிய கோப்பையை எடுத்துவிட்டு, சூடாக ஊற்றி அபூ நாயிஃப் முன்னால் வைத்தாள். "சேர்றேன். குடிங்க."

அவர் ஒரே மடக்கில் குடித்தார். டாக்டரின் அப்பா கைதட்டினார். "ஆஸ்பத்திரிக்கு வாங்க, தனியா வச்சு இன்னொரு தடவை கேப்பேன்," என்றார் லமீஸ்.

அக்கா எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே வந்து, மச்சானைத் தாண்டிப் போனாள்.

"எனக்கு?"

"அபூ நாயிஃப் கேட்டார். டாக்டர் கேட்டாங்க. நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

மச்சான் எழுந்து நின்றார். பெண் கேட்ட அன்றுகூட அவருக்காக வேறொருவர்தான் பேசினார்.

"வஸ்ஃபியா, என்னை விட்டுட்டுப் போயிடாத."

"அது என் கையில இல்ல."

சொல்லிவிட்டு அவருடைய மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை நிரப்பி, அவர் கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"குடிங்க," என்றாள்.