பூட்டில்லாத கதவு

வேலை நேரத்தில் தையல்கூடத்தின் கதவை இனிமேல் பூட்ட மாட்டோம் என்று மேனேஜர் மைக்கில் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கே வயதில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

துணி திருட்டுப் போகுமாம், அதற்காகப் பூட்டு. தீப்பிடித்தால் உள்ளேயே வெந்து சாக வேண்டியதுதான். பூட்டாதே என்று முதலில் கேட்டவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. துணி வெட்டுகிறவன், சேட்டைக்குப் பஞ்சமில்லாததால் வாலு என்று பெயர். போன வருடம் ஊரே புரட்சி என்று கிளம்பியபோது அந்தப் பூட்டை உடைத்தவனும் அவன்தான். புரட்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பட்டாளம் வந்து வாலுவைச் சுட்டது. கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உடலைக்கூடக் கொடுக்கவில்லை, பாவிகள். இப்போது அதே அரசாங்கம், ஊர் மறுபடியும் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில், பூட்டக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டு, தன் தாராள மனசைத் தானே மெச்சிக்கொள்கிறது.

"மூத்தவங்க நீங்கதான் சாயங்காலம் கதவைத் திறந்து வைக்கணும். போட்டோ எடுக்க ஆள் வருது," என்றார் மேனேஜர்.

பக்கத்து மெஷின்காரி காதைக் கடித்தாள். "முடியாதுன்னு சொல்லிடுக்கா. தம்பியை முழுங்கினவங்களுக்கு நீ பல்லைக் காட்டணுமா?"

அக்கா கதவைப் பார்த்தாள். திறந்தால் கொன்றவர்களுக்கு நன்றி சொன்னதாகிவிடும். திறக்காவிட்டால், அவன் உயிரைக் கொடுத்துக் கேட்டதை அவளே வேண்டாமென்று தள்ளியதாகிவிடும்.

மணி அடித்தது. பழக்க தோஷம், அக்காவைத் தவிர எல்லாரும் கதவின் முன்னால் வரிசைகட்டிக் காத்து நின்றார்கள். காவல்காரரும் அதே தோஷத்தில் ஓடிவந்து, சாவிக்கொத்துக்காக இடுப்பைத் தடவினார்.

"அட, பூட்டே இல்லையே!" என்று யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வாலு இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பான். அந்த நினைப்புதான் அவளை எழுப்பியது. போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதனால் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மெஷின்காரிகள் போனார்கள். பட்டன் தைப்பவர்கள் போனார்கள். துணி வெட்டுகிறவர்கள் எப்போதும் போலக் கடைசியில் போனார்கள். முன்பெல்லாம் அவர்களிலும் கடைசி ஆள் வாலுதான்; அவனுக்காக இங்கேதான் காத்திருந்து, சேர்ந்து வீட்டுக்குப் போவாள்.

காவல்காரர் விளக்குகளை அணைத்துவிட்டு வந்தார். "எல்லாரும் போயாச்சும்மா. இன்னும் யாருக்காக நிக்கிறீங்க?"

"ஒருத்தன் பாக்கி," என்றாள் அக்கா, கதவை விடாமல்.