ஒற்றைச் சாவி

வாசலில் காரைச் சுற்றி நின்றவர்கள்: இறந்தவரின் தம்பி, தம்பியின் மனைவி, தாய்மாமா, எதிர்வீட்டு வாத்தியார், அமரர் ஊர்தி ஓட்டி வந்தவர், மெக்கானிக். இறந்தவர் உள்ளே கூடத்தில் கிடந்தார். உயிரோடு இருந்திருந்தால், "கைய எடுங்கப்பா, பெயின்ட்ல கீறல் விழுந்துடும்" என்று எல்லோரையும் விரட்டியிருப்பார்.

கார் கேட்டுக்குள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அதை வெளியே எடுத்தால்தான் வேன் படிவரை வர முடியும். சாவியைக் காணோம்.

"தள்ளுங்கப்பா. இத்தனை ஆம்பிளைங்க இருக்கோம்" என்றார் தாய்மாமா.

"தள்ள முடியாது மாமா. கியர் பூட்டிக்கிச்சு. சாவி இல்லாம அசையாது" என்றான் மெக்கானிக்.

எப்போதிலிருந்து இவனுக்கும் இவர் மாமா ஆனார் என்று தம்பி நினைத்தான்.

"எங்களோடத நியூட்ரல்ல போட்டா ஒத்தக் கையால தள்ளலாம்" என்றாள் அவன் மனைவி, யாருக்கென்று இல்லாமல்.

அப்பா இருந்த பழைய வீட்டை விற்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்தபோது அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதத்தில் கார் வாங்கினார்கள். தம்பி வாங்கியது புதுசு, சின்னது, சிவப்பு. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அண்ணன் அதே விலைக்கு ஒரு பெரிய கம்பெனிக் காரை மூன்றாவது கையாக வாங்கினார். ஏதோ ஒரு தொழிலதிபர் பத்து வருஷம் ஓட்டிச் சலித்துப்போய் விட்ட வண்டி. சொந்தக்காரர்கள் தம்பி வீட்டு வாசலில் வந்து, "நல்லா இருக்கு, மைலேஜ் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே போனவர்கள் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. "அதே காசுக்கா!" என்ற வார்த்தையை அந்த வாரம் தம்பி கேட்காத நாளில்லை.

"சீட்டு தானா சூடாகுதாம்" என்றாள் மனைவி, திரும்பி வரும் வழியில்.

"நம்ம சீட்டும்தான் சூடாகும். வெயில்ல நிறுத்து."

அண்ணனுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தம்பிக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. அண்ணனின் காரில் ஏதாவது மஞ்சள் விளக்கு எரிகிறது என்று அண்ணி போனில் அலுத்துக்கொண்டால், அன்றைக்குப் பகலில் தம்பிக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். தண்ணீர் பம்ப் போனது. ஆயில் ஒழுகியது. ராத்திரியில் வண்டி ஒருபக்கம் உட்கார்ந்துகொண்டு, காலையில் ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழுந்தது. ஒவ்வொன்றையும் அவன் வீட்டில் சொல்லிச் சிரித்தான். அண்ணன் மட்டும் ஒருநாளும் நொந்துகொண்டதில்லை. விபத்தில் நொறுங்கிய அதே மாடல் கார்களைத் தேடிப்போய் பாகங்களைக் கழற்றி வந்தார்கள், அவரும் மெக்கானிக்கும்.

இரவு வேலை முடிந்து தம்பி வீடு திரும்பும் வழியில்தான் அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காருக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அண்ணன் மெக்கானிக்கை, "மாப்ள, அந்த ஸ்பேனர எடு" என்பார். தம்பியை அவர் பிறந்ததிலிருந்து "டேய்" என்றுதான் கூப்பிட்டார்.

ஒருமுறை தம்பி கேட்டிலேயே நின்று, "நானும் வரட்டா?" என்று கேட்டான்.

அண்ணன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். மூக்கில் கிரீஸ். "உனக்கெதுக்குடா இந்த அழுக்கு? ராத்திரியெல்லாம் நின்னுட்டு வர்ற. போய்த் தூங்கு."

போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

நேற்று மாலை அண்ணனுக்கு நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, தம்பிக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்ததாக கார் ஞாபகம் வந்தது. அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. அண்ணன் மகள் படிக்கிறாள். வேறு யார் இருக்கிறார்கள்? அழுகைக்கு நடுவிலேயே, சிவப்புக் காரை எங்கே நிறுத்துவது என்றும் யோசித்துவிட்டான்.

அண்ணி வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எல்லா இடமும் பாத்தாச்சு. நேத்து போட்டிருந்த பேன்ட்லயும் இல்ல." பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். "கிடைச்சதும் நீயே எடுத்துட்டுப் போயிடுப்பா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வண்டி அவன்கிட்டதான் போகணும், வேற யாருக்கும் அத வச்சுக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு."

மெக்கானிக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தோள்கள் குலுங்கின.

"அதுவும் சரிதான். அதோட நோக்காடு அவனுக்குத்தான் தெரியும்" என்றார் தாய்மாமா.

தம்பியின் மனைவி அவன் காதருகே வந்தாள். "வேற யாருக்கும்னா யாரச் சொன்னாரு? உங்களையா?"

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் ராத்திரியெல்லாம் நம்ம வண்டிய எங்க நிறுத்துறதுன்னு கேட்டுட்டு இருந்தீங்க."

சாவி கிடைக்காவிட்டால் அந்தக் கார் யாருக்கும் உதவாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாங்கும்போதே ஒற்றைச் சாவிதான் வந்தது. இன்னொன்றை முந்தைய ஓனர் தொலைத்திருந்தார். புதுச் சாவி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கூடவே வண்டியின் மூளையையே மாற்றவேண்டும். அதற்கு ஆகும் செலவுக்கு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக்கே சொல்லியிருந்தான். அண்ணன் அந்தச் சாவியைக் கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. பாக்கெட்டில் இருந்தால் போதும். அவர் பக்கத்தில் வந்தாலே மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் விரியும். "பாத்தியாடா, ஆளைத் தெரிஞ்சுக்குது" என்பார் தம்பியிடம். எத்தனை முறை பார்த்தாலும் இதை மட்டும் அவனிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்.

"இப்படியே தூக்கிட்டுப் போயிடலாம். தெருவுல வேனை நிறுத்துறேன்" என்றார் ஓட்டி வந்தவர்.

உள்ளே அண்ணன் மகள் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, பாக்கெட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து தொட்ட பிறகுதான் கையை எடுத்தாள். போர்வையை மூடினார்கள்.

காருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் போகத்தான் இடம். ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தை மெக்கானிக் பிடித்தான். தலைப்பக்கம் தம்பி. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அழுகைச் சத்தம் ஓங்கியது. மெக்கானிக் குனிந்த தலை நிமிராமல் காரைத் தாண்டினான். அண்ணன் அதன் பக்கவாட்டில் வந்தபோது, தம்பியின் இடுப்புக்குப் பக்கத்தில் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணாடி மெல்ல விரிந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் விரிந்தது.

தம்பியின் கால் ஒரு கணம் நின்றது.

"என்னண்ணே, கனமா இருக்கா?" என்றான் மெக்கானிக், திரும்பாமல்.

"இல்ல. போ."

சாவி அண்ணனின் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது.

வேனில் ஸ்ட்ரெச்சருக்கு ஒருபுறம் தம்பியும் தாய்மாமாவும், மறுபுறம் மெக்கானிக்கும் வாத்தியாரும் உட்கார்ந்தார்கள். தம்பியின் கை எட்டும் தூரத்தில் பாக்கெட் இருந்தது. போர்வையைச் சரிசெய்வதுபோல எடுத்துவிடலாம். எடுத்து? சொன்னால் எதிரே இருக்கும் இவனிடம் கொடுக்கவேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால், அடுத்தமுறை அந்த வாசலில் கால் வைத்ததும் கார் காட்டிக்கொடுத்துவிடும்.

"சின்னண்ணே" என்றான் மெக்கானிக்.

தம்பி நிமிர்ந்தான்.

"வண்டிய என்னோடதா நினைக்கல. ஷெட்டுல சும்மா நிக்கும். ஞாயித்துக்கிழமை வாங்க. ரெண்டு பேரும் பாப்போம்."

"எனக்கு ராத்திரி வேலை."

"தெரியும். அண்ணன் உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு."

"என்ன சொல்வாரு?"

"பாவம், தூக்கமில்லாம உழைக்கிறான்னு. உங்க தெரு வழியா வண்டிய டெஸ்ட் பண்ணப் போனா ஆரன்ல கை வைக்க விடமாட்டாரு. தம்பி தூங்குவான்டா, மெதுவாப் போன்னுவாரு." மெக்கானிக் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உங்கள அவ்வளவு பிடிக்கும்."

தாய்மாமா உச்சுக்கொட்டினார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதையும் இவனிடம்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் சொன்னதெல்லாம், போய்த் தூங்கு.

தகன மேடையில் கூட்டம் இல்லை. கையுறை போட்ட பணியாளர் உலையின் கதவைத் திறந்து வைத்திருந்தார். சூடு முகத்தில் அடித்தது.

"நெருங்கின சொந்தம் யாருங்க?"

மெக்கானிக்கின் தலை அசைவதற்குள் தம்பி முன்னால் வந்தான். "நான்தான். கூடப் பிறந்தவன்."

"இதயத்துல மெஷின் கிஷின் வச்சிருக்காங்களா?"

"இல்ல."

"பாக்கெட்ல செல்போன், லைட்டர், பேட்டரி போட்ட பொருள் எதுவும் இருக்கா? உள்ள வெடிச்சிடும், அதான் கேக்கறேன்."

போர்வைக்கு மேலே, நெஞ்சின் இடப்பக்கம், தீப்பெட்டி அளவுக்கு லேசாக மேடிட்டிருந்தது. பார்த்தால்தான் தெரியும். மெக்கானிக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான். தாய்மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றான் தம்பி.

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"நான்தானே சட்டை போட்டுவிட்டேன்."

பணியாளர் தலையாட்டிவிட்டு இரும்புத் தட்டைத் தள்ளினார். அது தண்டவாளத்தில் உருண்டு உள்ளே போனது. "அண்ணே!" என்று கத்தினான் மெக்கானிக். தம்பியும் வாயைத் திறந்தான். கூப்பிட அவனிடம் இருந்ததும் அதே ஒரு வார்த்தைதான். வாயை மூடிக்கொண்டான்.

கதவு இறங்கியது. பணியாளர் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டினார். பிறகு, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.