சுவருக்குள் ஃபுகி

கசுமோரிக் கோட்டையின் வடக்குச் சுவர் கட்டக் கட்டச் சரிந்தது. உயிரோடு ஓர் ஆளை உள்ளே வைத்து மூடினால்தான் நிற்கும் என்று யாரோ பிரபுவிடம் சொல்லிவிட்டார்கள். கேட்க நாதியில்லாத விதவை ஃபுகியைப் பிடித்து வந்தார்கள். மூடும் வேலை கல்தச்சன் ஜின்பாச்சியின் தலையில் விழுந்தது. மறுத்தால் அந்தத் தலை இருக்காது.

கல் உயர உயர அவள் முகம் மறைந்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"போயிடாதீங்க. இருட்டா இருக்கு."

"போகமாட்டேன். நீ பேசிக்கிட்டே இரு."

தோட்டத்தில் போட்ட முள்ளங்கி, வயலுக்கு வரும் நொண்டிக் கொக்கு என்று என்னென்னவோ பேசினாள். குரல் நின்ற பிறகுதான் அவன் இடத்தை விட்டு எழுந்தான்.

சுவர் நின்றது. ஊர் திரும்பப் படகேறியவனின் காதருகே, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்டது. இறங்கி ஓடினான். சுவரில் புதிதாக ஒரு விரிசல். அதில் உள்ளங்கையை வைத்து, "இருக்கேன்," என்றான். விரிசல் அதற்குமேல் ஓடவில்லை.

விஷயம் பிரபுவுக்குப் போனது. ஜின்பாச்சிக்குச் சுவரடியில் ஒரு குடிசை போட்டு, வாசலில் காவலும் வைத்தார்கள்.

"யோகக்காரன்யா நீ! உக்காந்த இடத்துல சோறு," என்று காவலாளி சிரித்தான்.

பனி உருகியதும் மனைவி ஒரின் தேடி வந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. பொண்ணு உங்க முகத்தையே மறந்துட்டா."

"நான் போனா இவ கூப்பிடுவா, ஒரின்."

"நானுந்தான் கூப்பிடுறேன். அது காதுல விழலையா?"

ஒரின் சுவரின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உன்ன உள்ள வெக்கச் சொன்னவன் மேல கோபுரத்துல மெத்தையில கிடக்கான். அவனப் போய்க் கூப்பிடு!"

மறுநாள் வேட்டைக்குக் கிளம்பிய பிரபு பல்லக்கில் ஏறியதும், "யாரது? இங்கதான் இருக்கேன்," என்று வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னார். இறங்கி உள்ளே போனார். அதன்பின் சாகும்வரை அவர் கோட்டை வாசலைத் தாண்டவில்லை.

குடிசை வாசலில் இருந்த காவலை எடுத்துவிட்டார்கள். ஒரினோடு படகில் போகும்போது ஜின்பாச்சி காதைத் தீட்டிக்கொண்டே இருந்தான். ஆற்றுச் சத்தம் மட்டுந்தான்.

வீட்டில் அவன் கதவைச் சாத்த விடுவதில்லை. பனி கொட்டும் நாளிலும் அது திறந்தே கிடக்கும். ஒரின் மகளுக்கு இன்னொரு போர்வையைப் போர்த்திவிடுவாள்.