கண்ணுக்குக் கீழே, கேட்டுக்கு வெளியே

"மன்னிக்கவும். நீங்கள் யார் என்று தெரியவில்லை" என்றது கேட்.

கட்டடம் கட்டி முடித்த காலத்திலிருந்து அந்த அடுக்குமாடியில் குடியிருக்கும் டச்சப் அக்கா, ஒரு கையில் முட்டை அட்டையும் இன்னொரு கையில் துணி சோப்புமாக, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. கேட் அவளைத்தான் சொல்கிறது.

பெண் குரல். விமானத்தில் பெல்ட் மாட்டச் சொல்லுமே, அந்த மாதிரியான இதமான குரல். திட்டினால்கூடத் திருப்பித் திட்ட மனசு வராது.

முகம் பார்த்துத் திறக்கும் அந்தக் கேட்டைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தள்ளுபடியில் வாங்கிப் போட்டிருந்தார். மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு வந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று, கண்ணையும் கண்ணைச் சுற்றியுள்ள இடத்தையும் மட்டுமே அளக்கிற வகை. நேற்றுவரை ஒத்திகை, காவலாளி பொத்தானை அமுக்கி எல்லோரையும் விட்டுக்கொண்டிருந்தார். இன்று காலை பொத்தானைக் கழற்றிவிட்டார்கள்.

"எனக்கு உங்களைத் தெரியுது அக்கா. அதுக்குத் தெரியலையே" என்றார் காவலாளி. "கொஞ்சம் சிரிச்சுப் பாருங்க."

சிரித்தாள். மன்னிக்கவும் என்றது கேட்.

"சரி, சிரிக்காம பாருங்க."

அது அவளுக்கு இன்னும் சுலபமாக வந்தது. அப்போதும் மன்னிக்கவும்தான்.

செயலாளர் இறங்கி வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் போன பிறகும் கொடியை இறக்காத மனிதர்.

"மேடம், நீங்க இல்லைன்னு நான் சொல்லலை. நீங்கதான்னு சொல்ல ஆதாரம் இல்லைங்கிறேன்."

"உங்க வீட்டுக் குழாய் ஒழுகி எங்க கூரை நனையுதுன்னு நேத்து உங்ககிட்ட சண்டை போட்டது யாரு?"

"குழாய் ஒழுகறது எனக்கு நல்லாத் தெரியும். நீங்கதான் தெரியலை."

விதிப்படி ஒரு வழி இருந்தது. கேட்டுக்குத் தெரியாதவர்கள் விருந்தாளியாக வரலாம். குடியிருக்கிற ஒருவர் கீழே வந்து அழைத்துப் போக வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது.

அவள் கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு வந்து சேர்ந்தார். கேட் அவரைப் பார்த்ததும் பல்லிளித்துக்கொண்டு திறந்தது. காவலாளி நீட்டிய டேப்லெட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"தூரத்து உறவா, நெருங்கின உறவான்னு கேக்குதே."

"மனைவின்னு போடுங்க."

"அது இதுல இல்லை. மனைவின்னா குடியிருக்கிறவங்கள்ல வந்துடுமாம்." யோசித்து ஒன்றை அமுக்கினார்.

லிஃப்டில் அவள் கேட்டாள். "எதைங்க அமுக்கினீங்க?"

"தூரத்து."

அவள் பார்த்த பார்வையில் முட்டை வெந்திருக்க வேண்டும்.

"நெருங்கினதுன்னா ஆதாரம் காட்டச் சொல்லுது. கல்யாணச் சான்றிதழை எங்க வெச்சோம்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

அவளுக்கும் தெரியாது. ஆனால் கேட் ஏன் அப்படிச் சொன்னது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தெருமுனையிலிருக்கிற போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் அவள் வேலை. மூக்கிலே பருவா, கன்னத்திலே கீறலா, கண்ணுக்குக் கீழே கருப்பா, அவள் மவுஸைப் பிடித்தால் சாப்பாட்டு மேசையில் சிந்தியதைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிடுவாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. செய்தபிறகு வேண்டாமென்றும் யாரும் சொன்னதில்லை. கேட்டுக்காகக் குடியிருப்பில் எல்லோரையும் படம் எடுத்தது அந்த ஸ்டூடியோதான். கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது.

தன் படத்துக்கு மட்டும் ஒரு மதிய இடைவேளை முழுவதையும் செலவழித்திருந்தாள். காரணம் இருந்தது. மாதவிலக்கு நின்றதிலிருந்து அவள் உடம்புக்குள் யாரோ இஷ்டத்துக்கு அடுப்பைப் பற்றவைத்து அணைத்துக்கொண்டிருந்தார்கள். போர்வையை உதறினால் குளிரும், போர்த்தினால் வேகும். விடிந்து கண்ணாடியைப் பார்த்தால், கண்ணுக்குக் கீழே இரண்டு குட்டித் தலையணைகள். தூங்காதவளுக்குத் தலையணை எதற்கு என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டு, படத்தில் அவற்றைத் தட்டி நிரவிவிட்டாள்.

கணவருடைய படத்தை மட்டும் தொடவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகள் அவளுக்குப் பழகிப்போனவை. அவை இல்லாவிட்டால் அவர் வேறு யார் வீட்டுக்காரரோ போலிருப்பார்.

புதிதாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேட் உள்ளே வருகிறவரின் படத்தைப் பெரிய திரையில் காட்டும். பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். ஊர் முழுக்க உள்ள பைகளை அழித்தவள், தன்னுடையதை முறம் அளவுக்குத் திரையில் தொங்கவிடுவதா? படத்தை முகத்துக்கேற்ப மாற்றுவதா, முகத்தைப் படத்துக்கேற்ப மாற்றுவதா என்று வந்தால், புத்தியுள்ள எவரும் முதலாவதைத்தான் செய்வார்கள். அவள் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மாவுக்கும் அவள் வயசுதான் இருக்கும். பெரிய சட்டம் போட்ட கண்ணாடி அணிந்திருந்தார்.

"ஹார்மோன் குறையும்போது தோல் மெலிசாகும். நீர் தங்கும். உள்ளே இருக்கிற கொழுப்பு முன்னால வந்து எட்டிப் பார்க்கும்."

"பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுமா டாக்டர்?"

"போகாது. அங்கேயே உட்கார்ந்துக்கும்." விரலை மடக்காமல் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். குளிர்ச்சியா ஏதாவது வைங்க. ஐஸை நேரா வைக்காதீங்க. தலையை உயர்த்திப் படுங்க. உப்பைக் குறைங்க. வெயில்ல கறுப்புக் கண்ணாடி. கிரீமை மோதிர விரலால ஒத்தி எடுங்க, தேய்ச்சீங்கன்னா இருக்கிற தோலும் போயிடும். "கொஞ்சம் வாடும். மறையாது."

"கேட்டுக்கு எப்போ அடையாளம் தெரியும்?"

"எந்தக் கேட்டுக்கு?"

சொன்னாள். டாக்டரம்மா மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினார். அங்கேயும் இரண்டு, இன்னும் செழிப்பாக.

"நான் கண்ணாடியோட நிறுத்திக்கிட்டேன்மா" என்று திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் கரண்டிகள் ஃப்ரிட்ஜில் குடியேறின. தேநீர் கலக்கக் கரண்டி தேடிய கணவர், பென்சிலால் கலக்கிக் குடித்தார். சாப்பாட்டில் உப்பு இல்லை. அவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர் போலச் சாப்பிட்டார். சாயங்காலம் அவள் கண்ணில் கரண்டியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தபோது, பக்கத்தில் கட்டில் அமுங்கியது.

"நீங்க எதுக்கு?"

"தனியா படுத்துக் கிடந்தா உனக்குப் போரடிக்குமே." அவரும் இரண்டு கரண்டி கொண்டுவந்திருந்தார். "ஆனா உனக்கு எதுக்கு இதெல்லாம்? உன் மூஞ்சியில ஒண்ணும் வித்தியாசமே இல்லையே."

அதுதான் அவளுக்குக் கோபம். வித்தியாசம் தெரியாதவர் பார்க்கிறாரா, பார்க்காமலே இருக்கிறாரா? கரண்டியோடு எப்படி முறைப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டாள்.

கேட்டின் திரையோரத்தில் ஒரு பச்சைக்கோடு உண்டு. முகம் பொருந்தப் பொருந்த ஏறும். உச்சியைத் தொட்டால் கதவு திறக்கும். அவளுக்கு முதலில் கால்வாசி ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியைத் தாண்டியது. காவலாளி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, முக்கால் வந்துடுச்சு. நேத்து தூங்கினீங்களா?"

"கொஞ்சம்."

"இன்னிக்கும் தூங்குங்க. விட்டுடாதீங்க."

ஸ்டூடியோ முதலாளியோடு வாக்குவாதம் வந்த அன்று கோடு தடாலென்று இறங்கியது. காவலாளி துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

வாரம் முடிந்தது. செயலாளர் லிஃப்ட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"விருந்தாளி நாளைக்குக் காலி பண்ணணும் மேடம். ஒரு நாள் போயிட்டு, மறுபடி தாராளமா வரலாம்."

"எங்கே போறது?"

"உங்க வீட்டுக்குத்தான்" என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கேட் முன்னால் நின்றாள். கோடு முக்காலைத் தொட்டு, மூச்சு வாங்கி, நின்றுவிட்டது. மன்னிக்கவும். சொந்த வீட்டு அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள் என்பது தெரியும், எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்பது தெரியும். உள்ளே மட்டும் போக முடியாது. போதாக்குறைக்கு உடம்பு அந்த நேரம் பார்த்துத் தீப்பிடித்தது.

காவலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "பின்னால குப்பை ரூம் கதவு இருக்குல்ல? மத்தவங்க எல்லாம் அப்படித்தான் போறாங்க."

"மத்தவங்கன்னா?"

"போய்ப் பாருங்க."

தகரக் கதவைத் தட்டினாள். "யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"யாருன்னு தெரியலையாம்" என்றாள் அவள் அலுப்போடு.

"அப்போ நம்ம ஆள்தான். வாங்க."

பெரிய பச்சைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய குட்டி ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. யாரோ தூக்கிப் போட்டதை யாரோ பிளக்கில் சொருகியிருந்தார்கள். அதற்குள் கரண்டிகள், ஜெல் பட்டைகள், ஈரத்துணிகள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒட்டி. இரண்டாம் மாடி வங்கிக்காரி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மோதிர விரலால் கிரீமை ஒத்திக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி டீச்சர், "மெதுவா, அது தோல், கரும்பலகை இல்லை" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணில் கரண்டியோடு தலையைச் சாய்த்திருந்தது செயலாளரின் மனைவி.

எல்லாமே அவள் டச்சப் செய்த முகங்கள். டச்சப் அக்கா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இதுக்கெல்லாம் நான்தாங்க காரணம். உங்க படத்தையெல்லாம் நான்தான்..."

"தெரியும்" என்றார் டீச்சர். "அதை என் தங்கச்சிக்கு அனுப்பினேன். வயித்தெரிச்சல்ல இன்னும் என்கூடப் பேசலை."

"டச்சப் பண்ணாத படம் ஸ்டூடியோவுல இருக்கு. மாத்திடறேன். எல்லாரும் முன்வாசல்ல வரலாம்."

நாற்காலியிலிருந்து, கரண்டி அசையாமல், குரல் வந்தது: "என்னோடதைத் தொட்டே, தெரியும் சேதி."

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்க இப்படி வர்றது தெரியுமா?"

"அவருக்கு நான் வெளியில போறதே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். வங்கிக்காரி மட்டும் கடைசியாகச் சிரித்துவிட்டு, கிரீம் டப்பாவை மூடியபடி சொன்னாள்: "எனக்கு அந்தப் படத்துல இருக்கிறவளைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கு அக்கா. வீட்டுல அவளுக்குத்தான் காத்திருக்காங்களோன்னு தோணுது. நான் போய் நின்னா ஏமாந்துடுவாங்களோன்னு."

டீச்சர் அவளுக்கு ஒரு குளிர்ந்த கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

டச்சப் அக்கா மாடிக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி ஸ்டூடியோவுக்கு நடந்தாள்.

கேமராவைத் தானே இயங்கும்படி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். படம் கணினியில் விரிந்தது. வலது பை இடதைவிடக் கொஞ்சம் பெரிசு. அதனடியில் மெல்லிய நீல நரம்பு ஒன்று, வழி தெரியாமல் பாதியில் நின்றுவிட்டது. இந்தக் கண்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். தினமும்தான் பார்க்கிறாள், அழிப்பதற்காக. அதற்குள் வலது கை மவுஸை நகர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. அவள் அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் நன்றாக உட்கார்ந்து, இடது கையால் படத்தைக் கேட்டுக்கு அனுப்பினாள்.

"வணக்கம். உள்ளே வரலாம்" என்றது கேட்.

திரையில் அவள் முறம் அளவுக்கு எழுந்து நின்றாள், பைகளோடு. நடைப்பயிற்சி முடித்து வந்த செயலாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல வயசு தெரியுதே மேடம்."

"தெரியணும் சார். ஆளைத் தெரிஞ்சுக்கத்தானே வாங்கிப் போட்டீங்க?"

அவளை இன்னும் காணோமே என்று கீழே வந்திருந்த கணவர் கதவு திறந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோய், அவள் கைப்பையை வாங்கிக்கொள்ள வெளியே ஓடிவந்தார். திரையை அண்ணாந்து பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே, ஒரு வித்தியாசமும் இல்லைன்னு. நீயேதான்."

அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. அவர் கேட் முன்னால் நின்றார்.

"மன்னிக்கவும். நீங்கள் யார் என்று தெரியவில்லை."

காவலாளி எழுந்து நின்றுவிட்டார். கணவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் கரண்டி வைத்ததிலும் உப்பில்லாமல் சாப்பிட்டதிலும், அவருடைய புராதனமான பைகள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போயிருந்தன.

"அப்போ எனக்குக் குறைஞ்சிடுச்சா?" அவர் முகம் பரிசு வாங்கியது போல மலர்ந்தது.

"எனக்கு அசையாதது உங்களுக்கு மட்டும் குறையுமா?" கம்பிக்கு உள்ளேயிருந்து அவள் கொதித்தாள்.

காவலாளி கடமையாக டேப்லெட்டை அவளிடம் நீட்டினார். "குடியிருக்கிறவங்க நீங்கதான் சொல்லணும் அக்கா. தூரத்து உறவா, நெருங்கின உறவா?"

அவள் அவசரப்படவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கவிட்டாள். பிறகு நெருங்கின என்பதை அமுக்கினாள். ஆதாரத்தைக் கேமராவில் காட்டவும் என்றது.

அவர் சட்டைப்பை நனைந்திருந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி அதிலிருந்ததை உருவினாள். அவளுக்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவந்த இரண்டு கரண்டிகள், இன்னும் குளிர் விடவில்லை. அவற்றைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

டேப்லெட் வெகுநேரம் யோசித்தது. பரிசீலனையில் உள்ளது என்றது.

"அது பரிசீலிக்கட்டும். நீங்க பின்பக்கமா வாங்க, நான் வந்து திறக்கறேன்" என்றாள் அவள். "அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கு. உங்களை நாலு பேருக்கு அறிமுகமும் பண்ணி வைக்கணும்."