பைதாஸ் கொடுத்த நல்லி

ஆட்டுக்கறித் தாம்பாளத்தின் சூடு, சுற்றியிருந்த துணியையும் தாண்டித் தொடையைச் சுட்டது. த்ரோஃபிம் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். உஷ்தொபே ஊருக்குப் போகிற சாலையில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. ஓட்டுகிற செய்த்காலியோ ஒரு பள்ளத்தையும் விட்டுவைப்பதாக இல்லை. அவர் அறுபத்தைந்து வயதுக் கஸாக், த்ரோஃபிமுக்கு அண்ணன். ரத்த உறவில்லை, ஆனால் அதை அவர் எதிரில் சொன்னால் அடிக்க வருவார். ஐம்பத்தேழு வயதுத் தம்பிக்குப் பெண் கேட்கப் போகும் அண்ணனுக்கு என்னென்ன மிடுக்கு வேண்டுமோ அத்தனையும் அன்று அவரிடம் இருந்தது. பூவேலை செய்த தொப்பியைக்கூடப் புதிதாக வாங்கியிருந்தார்.

“நேராப் பிடிடா. குழம்பு சிந்திச்சுன்னா, மாப்பிள்ளை பயத்துல நனைச்சுக்கிட்டான்னு நினைப்பாங்க.”

“நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க ரோட்டப் பாருங்கண்ணே.”

பயம் இருந்தது நிஜம்தான். ஆனால் அது குழம்பைப் பற்றியதல்ல.

பெண்ணின் பெயர் கிளாரா கிம். தால்திகொர்கான் சந்தையில் பூண்டும் மிளகாயும் போட்டு ஊறவைத்த கேரட் விற்கிறவள். ஒரு கோடையில் அவள் கடைக் குளிர்பெட்டி நின்றுபோனபோது பழுது பார்க்கப் போனவன் த்ரோஃபிம். அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு வாரம் ஒரு வியாதி வந்தது. பாதி வியாதிக்குப் பெட்டி பொறுப்பில்லை. இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்று தின்று, ஒருநாள் அவளே கேட்டாள்: “இப்படியே எத்தனை நாளைக்கு டப்பாவுல சாப்பிடறது?”

அவளும் கிம், அவனும் கிம் என்று கேட்டபோது செய்த்காலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொரியர்களில் தெருவுக்கு நாலு கிம் இருப்பார்கள், பெயர் ஒன்றாக இருப்பதில் தப்பில்லை, பூர்வீக ஊர் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று த்ரோஃபிம் விளக்கினான். ஒரே ஊர்க் கிம் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறையாகிவிடும். “அப்படிச் சொல்லு. உங்களுக்கும் ஒரு வரைமுறை இருக்குல்ல” என்று சமாதானமானார் செய்த்காலி. அவர்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்குள் உறவு வந்தால் பெண் எடுக்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னவனுக்குத் தன் பூர்வீக ஊர் எது என்று தெரியாது.

அவன் அப்பா செம்யோனுக்கே தெரியாது. ருஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்த கொரியர்களை எல்லாம் அரசாங்கம் சரக்கு ரயிலில் அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கஸாக் புல்வெளியில் கொட்டிய வருஷம் அவருக்கு நாலு வயது. பைதாஸ் என்ற ஆட்டிடையர் ரொட்டி எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு வந்தார். செத்துப்போன தாயின் கையை விடாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கண்டார், தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தது கிம் என்ற ஒரு சொல்தான். அந்த வாரமே பைதாஸ் ஆடு அடித்து ஊரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் வெந்த நல்லி எலும்பைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். நல்லியைப் பிடித்தவன் அந்த வீட்டு மகன். அந்த மண்ணில் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. “கை வெந்துபோச்சு, ஆனா நான் விடலையே” என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். பைதாஸ் தன் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களை எல்லாம் அவருக்கு மனப்பாடம் செய்வித்தார். கிம்மை மட்டும் மாற்றவில்லை. அம்மா கொடுத்ததில் அது ஒன்றுதான் மிச்சம், அதையும் பிடுங்குவானேன் என்றாராம். பைதாஸின் பேரன்தான் செய்த்காலி.

த்ரோஃபிம் முதலில் கட்டியது ஒரு ருஷ்யப் பெண்ணை. அவள் வீட்டில் யாரும் பூர்வீகம் கேட்கவில்லை. குடிப்பாயா என்று மட்டும் கேட்டார்கள். கிளாரா போன மாதம் குடமிளகாய் நறுக்கிக்கொண்டே, “எங்கண்ணன் பூர்வீகம் கேப்பாரு. உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள். தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கூசியது. தெருவில் கிடந்தவன் மகன் என்று சொல்வதுபோல இருந்தது. “தெரியாம என்ன” என்று சொல்லிவிட்டான். உன்னுடையது எது என்று கேட்கவும் பயம். கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாளே. முடிவெட்டும் கொரியக் கிழவரிடம் போய்ச் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தான். “கிம்னா கிம்ஹே ஊர்க் கிம்தான்யா. ராஜ வம்சம். மத்ததெல்லாம் சும்மா” என்றார் கிழவர், கத்தரியை வீசிக்கொண்டே. ராஜ வம்சமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று த்ரோஃபிம் அதை எடுத்துக்கொண்டான்.

கிளாராவின் அண்ணன் கெராசிம் எழுபது வயது வெங்காய விவசாயி. சிரிப்பதற்குக் கணக்குப் பார்க்கிற முகம். சூடேற்றிய தரையில் குட்டைமேஜை போட்டு, குளிர்ந்த நூடுல்ஸும் இடித்த அரிசிப் பணியாரமும் பரப்பியிருந்தது. செய்த்காலி தாம்பாளத்தை நடுவில் வைத்துத் துணியை விலக்கினார்.

“ஆட்டுத் தலை வீட்டுப் பெரியவருக்கு, அதாவது உங்களுக்கு. நல்லி…”

“தெரியும்” என்றார் கெராசிம். “எழுபது வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன். நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு.”

“அத நீங்களே எடுத்து அவன் தட்டுல வச்சாத்தான் சம்மதம்னு அர்த்தம்.”

“பார்ப்போம்” என்றார் கெராசிம், நூடுல்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தபடி.

கொஞ்ச நேரம் வெங்காய விலையும் மழையும் பேசினார்கள். பிறகு கெராசிம் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். “இந்தத் தெருவுல எனக்கு இந்தப் பக்கம் ஜெர்மன்காரன், அந்தப் பக்கம் செச்சென், எதிர்த்தாப்ல துருக்கிக்காரன். எல்லாரும் எங்கிருந்தோ வந்து விழுந்தவங்கதான். வந்த வழி மறந்துபோச்சுன்னா அப்புறம் யாரு யாருக்கு என்ன முறைன்னே தெரியாமப் போயிடும். அதனால கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. தம்பிக்கு எந்த ஊர்?”

“கிம்ஹே” என்றான் த்ரோஃபிம். நன்றாக, கம்பீரமாகவே சொன்னான்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிளாராவின் கை அந்தரத்தில் நின்றது. செய்த்காலி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தனக்குத் தெரியாத ஊர் ஒன்று தம்பிக்கு எங்கிருந்து முளைத்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

கெராசிமின் முகம்தான் மாறியது. கணக்கெல்லாம் மறந்து, வாய் கொள்ளாமல் சிரித்தார். “கிம்ஹேயா? அடப்பாவி, நாங்களும் கிம்ஹேதானேய்யா. இந்த ஊர்லயே எங்க பங்காளின்னு சொல்ல ஒருத்தனும் இல்லன்னு நான் புலம்பாத நாள் இல்ல. நீ என் தம்பிடா.” மேஜைக்கு மேலாகவே எட்டி அவன் தோளை இறுகப் பிடித்தார். “கிளாரா, கல்யாணம் இல்லன்னா என்ன? உனக்கு இன்னொரு அண்ணன் கெடைச்சிருக்கான்.”

 கிளாரா கெண்டியைக் கீழே வைத்தாள். அவள் பார்வை பட்ட இடம் த்ரோஃபிமுக்குச் சுட்டது.

 உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, ராஜ வம்சத்துக்கு ஆசைப்பட்டுப் பெண்ணைத் தங்கையாக்கிக்கொண்ட முட்டாள் தான் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. இப்போது வாயைத் திறந்தால் பொய்யன். திறக்காவிட்டால் கிளாரா இல்லை; ஆயுசுக்கும் டப்பாச் சாப்பாடுதான், அதுவும் தனியாக.

கெராசிம் அதோடு விடவில்லை. தாம்பாளத்திலிருந்து நல்லி எலும்பைக் கையாலேயே எடுத்தார். “கஸாக் அண்ணே, உங்க வழக்கப்படியே செஞ்சுடறேன். எல்லாரும் சாட்சி. பிடிடா தம்பி.”

எலும்பு முகத்துக்கு நேரே நீண்டது. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.  செய்த்காலி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பிடரியைப் பார்த்தபோதுதான் த்ரோஃபிமுக்கு மனசு தாங்கவில்லை. கிளாராவின் கோபத்தைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். கை வெந்தும் விடாமல் அப்பா பிடித்த ஒன்றை, ஒரு பொய்க்காக இன்னொருவர் கையிலிருந்து எப்படி வாங்குவது?

“நான் பிடிக்க முடியாதுங்க” என்றான். “நான் கிம்ஹே இல்ல. எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. முடிவெட்டுற கடையில கேட்டதச் சொன்னேன். நல்லிய எங்கப்பா ஏற்கெனவே பிடிச்சிட்டாரு, இவங்க தாத்தா கையில.”

ரயிலடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். கெராசிமின் கை மெல்ல இறங்கியது.

“தெரியாதுன்னு சொல்லிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?” என்றாள் கிளாரா. “குளிர்பெட்டி நல்லா இருக்கும்போதே ரிப்பேர்னு சொன்னீங்க, அதப் பொறுத்துக்கிட்டேன். இதுக்குமா பொய்?”

“வெக்கமா இருந்துச்சு கிளாரா.”

“வெக்கம்?” செய்த்காலி ஜன்னலிலிருந்து திரும்பினார். கண் சிவந்திருந்தது. “எங்க தாத்தா பேரச் சொல்ல உனக்கு வெக்கமாடா?”

“அவர் பேரச் சொன்னா கொரியன்னு ஒத்துக்க மாட்டாங்களோன்னு…”

“முதல்ல சொல்லிப் பாருடா கழுத.” பிறகு கெராசிமிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: “இங்க பாருங்க பெரியவரே. நல்லியப் பிடிச்ச அன்னிக்கே இவன் அப்பன் எங்க எலும்பு ஆயிட்டான். எங்க எலும்புல கிம்மே கெடையாது. அப்புறம் பங்காளி எங்கிருந்து வருவான்?”

“ரத்தம்னு ஒண்ணு இருக்கே” என்றார் கெராசிம். “ஒருவேளை அவங்கப்பா கிம்ஹேயாவே இருந்தா?”

“ஒருவேளை இல்லாம இருந்தா?”

கெராசிம் தாடையைச் சொறிந்தார். அவருக்கு இது லேசான விஷயமில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார், த்ரோஃபிமைப் பார்த்தார். “உனக்கு அவங்க முன்னோர் பேரெல்லாம் தெரியுமா?”

த்ரோஃபிம் நிமிர்ந்து உட்கார்ந்தான். தூக்கம் வருவதற்கு முன்னால் அப்பா தினமும் சொல்லவைத்த வரிசை, நாக்குக்குப் பழகியது. “செம்யோன். பைதாஸ். ஒராஸ். திலெகென். கெல்தி. யெசிர்கெப். மாமிர்.” ஒவ்வொரு பெயருக்கும் செய்த்காலியின் தலை தானாக ஆடியது. கெராசிம் நல்லி இல்லாத கையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஏழாவது பெயரில் நின்றுபோனார்.

“எனக்குத் தாத்தாவோட அப்பா வரைக்கும்தான் தெரியும்” என்றார், யாரிடமும் இல்லாமல். “அதுக்கு மேல ஊர் பேரு மட்டும்தான்.” கையிலிருந்த நல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டுபோய் அதைச் செய்த்காலியின் தட்டில் வைத்தார். “இது உங்க வீட்டுது.”

 வாசலில் தொங்கிய வெங்காயச் சரங்கள் காற்றில் உரசிக்கொள்வது கேட்டது.

“கறி ஆறுது” என்றார் கெராசிம். குச்சிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்துக்கு மேலே கொண்டுபோனார். குச்சிகள் தலையைத் தொட்டன, விட்டன. விலாப் பக்கம் போயின. ஒரு துண்டைப் புரட்டி, வேண்டாம் என்று மறுபடி வைத்தன. நெஞ்செலும்பு மறுகோடியில் இருந்தது. அதைச் சொல்லச் செய்த்காலி வாயைத் திறந்தார். கிளாரா அவர் கோப்பையில் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். குச்சிகள் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பின. த்ரோஃபிம் யாரையும் பார்க்காமல் தன் தட்டை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தான்.