தாகமில்லை என்றவர்

சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், மண்டபத்தில் கை கழுவப் போனபோது வழுக்கி விழுந்து திருநாவுக்கரசுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூட வந்த கொளஞ்சியப்பன்தான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்ததும், மகன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லி அவரைக் கடலூருக்கு அனுப்பிவிட்டார் திருநாவுக்கரசு. மகன் சித்தார்த் மஸ்கட்டில் இருந்தான். அப்பா விழுந்ததே அவனுக்குத் தெரியாது.

சிறுநீர்க் குழாயை எடுத்தபின்தான் சங்கடம் ஆரம்பித்தது. எழுந்து போக முடியாது. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு, பாத்திரத்தை வைக்கச் சொல்ல வேண்டும். மற்ற கட்டில்களில் மனைவியோ மகனோ பிடித்தார்கள். திருநாவுக்கரசு ஒரு வழி கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். வலித்தால் நர்ஸைக் கூப்பிடாமல், பையில் வைத்திருந்த வலி மாத்திரையை வாயில் போட்டு ஒரே மிடறு தண்ணீரில் முழுங்கினார்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மாரியம்மாள், மங்கலம்பேட்டைக்காரர், டம்ளரை நீட்டுவார். தாகமில்லை என்பார் இவர்.

"என்னா சார், ஒட்டகமா நீங்க?" என்று சிரித்துவிட்டுப் புருஷனுக்கு ஊற்றப் போய்விடுவார்.

மறுநாள் டாக்டர் அனுப்பிரியா வந்தார். ஆபரேஷன் ஆனவர்களின் சிறுநீரைப் புதிதாக ஒரு பரிசோதனைக்கு அனுப்புகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரத்தப் பரிசோதனை சரியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அதில் உப்பு ஏறித் தெரிவதற்குள் கிட்னி ரொம்பக் கெட்டிருக்கும். அடிபட்ட கிட்னி அதற்கு முன்பே சிறுநீரில் ஒரு புரதத்தை விடும். அது இவருக்கு ஜாஸ்தியாக இருக்கிறது.

"இன்னும் ஒண்ணும் கைமீறிப் போயிடலை. வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா ஐயா? தண்ணி குடிக்கிறீங்களா?"

திருநாவுக்கரசு பையைக் காட்டினார். இதுவும் கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, கூட இருப்பது யார் என்று கேட்டார். மகன் வருகிறான் என்று வாய்வரை வந்தது.

"யாரும் இல்லம்மா. கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு. அதான் குடிக்கலை."

டாக்டர் திட்டவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. சலைன் போடச் சொன்னார். மகனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார். குடிப்பதும் கழிப்பதும் இனி அளந்து எழுதப்படும், வந்தால் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாரியம்மாள் கேட்காமலே டம்ளரைக் கையில் வைத்தார். இந்த முறை கிண்டல் இல்லை. திருநாவுக்கரசு முழுவதையும் குடித்தார்.

மத்தியானம் அடிவயிறு முட்டியது. மாரியம்மாள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார். அவர் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

கடலூர் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர் திருநாவுக்கரசு. வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது அவர் வேலை. தெருமுனை டீக்கடையில் இருப்பவன்கூட அந்தக் குரலுக்கு எழுந்து ஓடி வருவான். அதெல்லாம் அடுத்தவர்களின் பெயர்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

அவருக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை பக்கத்துக் கட்டிலில் மட்டும் லேசாக அசைவு தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூன்றாவது தடவை கூப்பிட்டார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வராந்தாவில் வாளிச் சத்தம் நின்றது.